பயணத்துக்கு ட்ரைபாட் எடுத்துச் செல்வது அவசியமா?

ட்ரைபாட் என்பது கேமராவை அசையாமல் தாங்கும் மூன்று கால் தாங்கி. அவ்வளவுதான், ஆனால் சுமை அதிகம்.

வெளிச்சம் குறைந்தால் கேமரா, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் அதுவும் படத்தில் பதியும். ஓடும் பேருந்தில் எழுதிப் பாருங்கள்: ஒரு புள்ளி சரியாக விழும், நீளமான கோடு கோணலாகும். பகலில் நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறந்திருக்கும், அது புள்ளி. பால்வெளியைப் படமெடுக்க 15, 20 நொடி வேண்டும், அது கோடு.

ஆகவே எந்த ஊருக்குப் போகிறோம் என்று பார்க்காதீர்கள், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். கொடைக்கானலில் இரவு வானம், அருவி நீரைப் பட்டுபோல் காட்டும் படம் என்று திட்டம் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். பகலில் கோயில், கடைத்தெரு, குடும்பப் படங்கள்தான் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். இப்போதைய பல கேமராக்களிலும் போன்களிலும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது; மாலை வெளிச்சம் வரை அது போதும்.

அப்புறம், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி தேவை. இதைப் பலர் வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள், பாவம்.

ட்ரைபாட் இருந்தால் எல்லாமே தெளிவாக வரும் என்பது தவறு. அது கேமராவை மட்டுமே நிறுத்தும். ஓடும் குழந்தையைத் தெளிவாக எடுக்க ஷட்டர் வேகம்தான் வேண்டும்.