ஆடியும் கதை சொல்லியும் சொந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க முடியுமா?

முடியும். நான் அதைக் கற்றது வியாசர்பாடியில், எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், ஒரு பழைய போர்வைக்குப் பின்னால்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூத்தில் வேடக்காரர் நேராக வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து பாட்டும் சலங்கைச் சத்தமும் வரும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். வெளியே வந்தால், கேள்வி கேட்டுக் கேலி பேசும் கோமாளியான கட்டியங்காரன் விட மாட்டான்: நீர் யார், எந்த நாடு, இங்கே என்ன வேலை? துரியோதனனே ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். அதையும் 'வந்தேன்' என்று பாடாமல், யாரோ மூன்றாம் மனிதரைப் போல 'வந்தானே' என்று பாடுவார்கள்.

அப்பாவுக்குச் செய்யாறு பக்கம். கூத்துக்குப் பெயர்போன புரிசையும் அந்தப் பக்கம்தான். சிறுவயதில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். திரௌபதி வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் அது.

இப்போது ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ஆடுகிறோம். கூத்துக்காரர்கள் தோளில் கட்டும் மர அணியான கட்டையும் கிடையாது, முகத்தில் அரிதாரமும் கிடையாது. தாளத்துக்கு ஒரு குடம். கட்டியங்காரி எதிர் வீட்டு அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். விடியற்காலை ஏலத்தில் பழகிய வாய்.

என் முறை வந்தபோது 'தையல்காரி வந்தாளே' என்று பாடிக்கொண்டு வந்தேன். மெஷின் மிதிப்பதையே ஆட்டத்தின் அடவாக்கினேன்: குதிகால், முன்பாதம், குதிகால், முன்பாதம். இருபது வருடமாகத் தினமும் செய்கிற வேலைதானே.

"படிப்பை ஏனம்மா விட்டாள் உங்கள் தையல்காரி?"

"அவள் அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள்." எல்லோரிடமும், என் மகளிடமும்கூட, நான் சொல்லி வந்த கதை இதுதான்.

"மில் மூடியது எந்த மாதம்? அவள் பள்ளிக்கூடத்தை விட்டது எந்த மாதம்?"

கால் நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றேன். மறுபடி எழுத வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அப்பா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எழுதும்மா" என்று கெஞ்சினார். மில் மூடியது அதற்கு நான்கு மாதம் கழித்து. எனக்கு நல்ல காரணமாகக் கிடைத்தது. அப்பா திருத்தவே இல்லை. "என்னால்தான் நீ படிக்கவில்லை" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

'நான் பயந்தேன்' என்று அன்று என் வாயில் வந்திருக்காது. 'அவள் பயந்தாள்' என்பது வந்துவிட்டது.

முயல நினைப்பவர்கள் கேள்வி கேட்பவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குறும்பு வேண்டும், குத்தல் கூடாது. எங்களில் ஒருத்தி கணவர் இறந்த நாளை ஆடப்போய் இரண்டு வாரம் மாடிக்கே வரவில்லை. அன்று நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஆடுகிறவள் கையைத் தூக்கினால் குடம் நின்றுவிடும்.

அடுத்த ஞாயிறு நான் அப்பாவாக வந்தேன். தோளில் துண்டு, கையில் சாப்பாட்டுத் தூக்கு. அக்கா கேட்டார்: "ஐயா, உம் மகள் ஏன் படிக்கவில்லை?"

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அவர் குரலில் "என்னால்தான்" என்றே வந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அக்கா இன்னொரு முறை கேட்டார்.