வினிகர் வாடை வீசும் 8 மி.மீ. சுருள்களை ஓட்டலாமா?

வணக்கம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்த ஆறு 8 மி.மீ. படச்சுருள்களில் இரண்டில் வினிகர் வாடை வீசுவதாகவும், ஓட்டியபோது படம் துள்ளியதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டையும் இனி புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இல்லப் படங்கள் பெரும்பாலும் ரிவர்சல் வகை (படம்பிடித்த சுருளையே கழுவித் திரையிடும் வகை) என்பதால், கேமராவில் ஓடிய சுருளே உங்கள் கையிலிருப்பது. கிழிந்தால் மறுபடி எடுக்க நெகட்டிவ் கிடையாது.

சுருளின் அடிப்படைப் பொருளான அசிட்டேட் சிதையும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலமே அந்த வாடை. மூடிய டப்பாவில் தேங்கும் அதன் ஆவி சிதைவை விரைவுபடுத்துவதோடு அருகிலுள்ள நல்ல சுருள்களையும் கெடுக்கும் என்பதால், அவற்றைத் தனியே பிரித்து, குளிர்ந்த, ஈரமற்ற, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சிதைவைத் தாமதப்படுத்தலாம்; மீட்க முடியாது.

சிதைவால் சுருளின் நீளம் குறைவதே (சுருக்கம்) துள்ளலுக்குக் காரணமாக இருக்கலாம்; சுருளும் கருவியும் வேறு வகையாக இருப்பதும் இன்னொரு காரணமாகலாம். 1932இல் வந்த சாதாரண 8 வகையின் ஓரத் துளை பெரியது, இரு கட்டங்களின் (தனித்தனிப் படங்களின்) எல்லையில் இருக்கும்; 1965இல் வந்த சூப்பர் 8இன் துளை சிறியது, கட்டத்தின் நடுவில் இருக்கும். ஒன்றுக்கான கருவியில் மற்றது ஒழுங்காக ஓடாது. வகை சரியாக இருந்தால் சுருக்கத்தை அளவிடுங்கள்: அதே வகைப் புதிய லீடரின் (சுருளின் முன்னால் ஒட்டும் படமில்லாத பட்டையின்) நூறு கட்டங்களுக்கு அருகில் பழைய சுருளை, இழுக்காமல், நீட்டி வையுங்கள். அதே நீளத்தில் நூற்றொரு கட்டங்கள் அடங்கினால் சுருக்கம் ஏறத்தாழ 1 சதவீதம். அந்நிலையில் கருவியில் சுருளை இழுக்கும் நகம் துளைகளைக் கிழித்துவிடக்கூடும். அத்தகைய சுருளைப் பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் பதிவு செய்யக் கொடுங்கள்.

வாடையில்லாத நான்கையும் பஞ்சிழை உதிராத துணியால் துடைத்து, புதிய லீடர் ஒட்டியபின் ஓட்டலாம்.