எல்லைத் தகராறுகளில் சீனா ஏன் சில இடங்களில் மட்டும் இறங்கி வருவதில்லை?

முக்கியக் காரணம் 'அவமான நூற்றாண்டு'. 1839-ல் பிரிட்டனுடன் தொடங்கிய அபினிப் போர் முதல் 1949 வரை, அந்நிய வல்லரசுகளிடம் சீனா தோற்று நிலம் இழந்த காலத்தைச் சீனப் பள்ளிகள் அப்படித்தான் கற்பிக்கின்றன. 1842-ல் ஹாங்காங் பிரிட்டனுக்குப் போனது, 1895-ல் தைவான் ஜப்பானுக்கு. 1989-ல் ஜனநாயகம் கேட்டு நடந்த தியானன்மென் போராட்டத்துக்குப் பின், 1994-ல் வந்த தேசபக்திக் கல்வித் திட்டம் இந்த நினைவை ஆட்சிக்கே ஒரு நியாயமாக்கியது.

ஆனால் ஊட்டி வளர்த்த கோபம் அரசின் கையையும் கட்டிப்போடும். 2012 செப்டம்பரில், ஜப்பான் வசமுள்ள, சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளில் மூன்றை ஜப்பான் அரசு தனியாரிடமிருந்து வாங்கியதும், சீன நகரங்கள் பலவற்றில் ஜப்பானியக் கடைகளும் கார்களும் நொறுக்கப்பட்டன. முதலில் விட்டுப்பிடித்த அரசு சில நாட்களில் போராட்டத்தை அடக்கியது. ரோந்துக் கப்பல்களை மட்டும் அந்தக் கடலிலிருந்து விலக்கிக்கொள்ளவில்லை.

இதை வைத்து, சீனா எங்குமே விட்டுக்கொடுக்காது என்று நினைப்பது தவறு. தஜிகிஸ்தானிடம் சுமார் 28,000 சதுர கி.மீ. கோரியிருந்த சீனா, 2011-ல் ஏறத்தாழ 1,000 சதுர கி.மீ. பெற்று எல்லையை முடித்துக்கொண்டது. 1858, 1860 ஒப்பந்தங்களில் ரஷ்யாவிடம் இழந்த பெருநிலப் பரப்பை மீட்காமலே அங்கும் எல்லை வகுத்தது. அதுவும் அவமானக்கால இழப்புதான்; ஆனால் அரசு அதை மக்கள் முன் கிளறவில்லை. தைவான் விஷயத்தில் அந்த நெகிழ்வுக்கு வழியே வைக்கவில்லை: 2005-ல் இயற்றிய பிரிவினைத் தடுப்புச் சட்டம் படைபலத்தைப் பயன்படுத்தவும் இடம் தருகிறது.