ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: கார்த்திகை 27 அன்று போராளிகளைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லத்தில் அம்மம்மாவோடு போய், புலிகள் இயக்கத்தில் இருந்து செத்த மாமாவுக்கு விளக்கேற்றினேன். வீட்டுக்கு வரும் வழியில், "இந்தச் சண்டை ஏன் வந்தது? இவ்வளவு பேரைக் கொடுத்து நாங்கள் என்ன கண்டோம்?" என்று கேட்டேன். "செத்தவர்களைக் கொச்சைப்படுத்தாதே" என்று பெரியப்பா ஏசிவிட்டார். நான் கேட்டது பிழையா ரீச்சர்?
- ஒரு மாணவி, கிளிநொச்சி

பதில்: பிழையே இல்லை, பிள்ளை. பெரியப்பாவோடு கோபிக்கவும் வேண்டாம். 2009க்குப் பிறகு துயிலும் இல்லங்களை ஆமி இடித்து மட்டமாக்கியது. 2016இல்தான் திரும்பவும் கூட்டமாகப் போய் விளக்கேற்றினோம். அதுவரை வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு அழுதவர்களுக்கு, யாராவது கேள்வி கேட்டால் மறுபடி இடிக்க வருகிறார்கள் என்றுதான் நெஞ்சு பதறும்.

நான் தருமபுரத்தில் கணிதம் படிப்பித்தவள். என் வகுப்பு இடாப்பில் பதினேழாவது பெயர் ஒரு பொடியனுடையது. அவனுடைய தாத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. 1977 கலவரத்தில் லயத்திலிருந்து விரட்டுப்பட்டு, குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். காணிக்கு உறுதி கிடையாது. அந்தக் குடிசையில் பிறந்தவன், பின்னக் கணக்கைத் தாளில் எழுதாமல் மனதிலேயே போட்டு விடை சொல்லுவான். 2006இல் முகமாலைச் சண்டையில் போராளியாகச் செத்துப்போனான்.

அவன் ஏன் செத்தான் என்று சொல்ல முகமாலையிலிருந்து தொடங்கினால் ஒன்றும் விளங்காது. தாத்தாவின் 1948, பிறகு 1956 சிங்களம் மட்டும் சட்டம், எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தல், 83 ஆடிக் கலவரம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இதைக் கேட்காத பிள்ளைக்கு மாமாவின் படம் மாலை போட்ட படமாக மட்டும்தான் இருக்கும்.

சரி, எங்கள் பக்கமும் கேட்க வேண்டியது இருக்கிறது. பதினேழாம் பெயர்க்காரன் இயக்கத்துக்குத் தானாகப் போனவன். பத்தொன்பதாவது பெயர் ஒரு பெண்பிள்ளை. அவளைச் சண்டையின் கடைசி வருடங்களில் "வீட்டுக்கு ஒருவர்" என்று இயக்கத்தார் பிடித்துக் கொண்டுபோனார்கள். தாய் வேலிக் கம்பியைப் பிடித்தபடி, கை கிழிந்து இரத்தம் வருவதும் தெரியாமல் நின்றதைக் கண்டேன். இரண்டு பிள்ளைகளுக்கும் விளக்கு வைக்கிறேன். அந்தத் தாயைப் பற்றிப் பேசாதே என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

கொடுத்த விலையையும் கேட்டிருக்கிறீர்கள். முகமாலையில் சண்டை ஓய்ந்து பத்து வருடம் கழிந்தும் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வந்திருந்த தாய்மாரில் பலர், பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். என் தொடைக்குள் ஒரு செல் துண்டு இருக்கிறது, மாரி தொடங்கினால் உளையும். இடாப்பு கடைசிச் சண்டையில் மாத்தளனில் பங்கருக்குள் நனைந்து போய்விட்டது. பெயர்கள் வரிசை மாறாமல் மனதில் இருக்கின்றன.

கேள்வி: ஆமியில் செத்தவர்களுக்காகவும் நாங்கள் கவலைப்பட வேண்டுமா?
- ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கவலைப்படுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டில் யார் யார் போனார்களோ. நான் கண்டதைச் சொல்கிறேன்.

2002 சமாதானத்தில் ஏ9 பாதை திறந்த பிறகு ஒரு சிங்களத் தாய் மகனைத் தேடி வந்தார். 1996 ஆடியில் முல்லைத்தீவு ஆமி முகாம் புலிகளிடம் விழுந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் செத்தார்கள். அவருடைய மகன் அதில் காணாமற்போனவன். முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் எங்கள் பள்ளிக்கூட வாசலிலும் இறங்கினார். பிளாஸ்டிக் உறையில் போட்ட படத்தை ஒவ்வொருவரிடமும் நீட்டி, "புத்தா, புத்தா" என்றார். சிங்களத்தில் மகன் என்று அர்த்தம். கூட வந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார்: அனுராதபுரம் பக்கத்துக் கமக்காரக் குடும்பமாம். வீட்டுக்குச் சுவர் வைக்கச் சம்பளம் வேண்டும் என்று பத்தொன்பது வயதில் சேர்ந்தானாம். நாடு, கொடி என்று அந்தத் தாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவர் பாதியில் நிற்கிறது என்று இரண்டு தரம் சொன்னார்.

வெயிலில் அவருக்குத் தலை சுற்றியது. நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது, வகுப்பிலிருந்து கதிரை தூக்கிவந்து அவரை இருத்திவிட்டு, கொப்பியால் விசிறிக்கொண்டு நின்றான் அந்தப் பதினேழாம் பெயர்க்காரன்.