தலையில் பட்ட அடி: நீங்கள் கேட்டவை

கே: அக்கா தலையை மாமா சுவரில் மோதிவிட்டார். மயக்கம் போடவில்லை, சி.டி. ஸ்கேனும் நார்மல். ஆறு மாதமாகத் தலைவலி, அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது. நடிக்கிறாள் என்கிறார்கள்.

ப: அப்படிச் சொல்பவர்களை ஒதுக்குங்கள். சி.டி. காட்டுவது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு மாதிரியானவற்றைத்தான். மூளை குலுங்கி நரம்பிழைகள் இழுபட்டிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியாது, மயக்கம் வந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. பயமும் தூக்கமின்மையும்கூட இதே தொல்லை தரும், பிரித்துப் பார்ப்பது நரம்பியல் மருத்துவர் வேலை. அவரிடம் 'கீழே விழுந்துட்டா' என்று மழுப்பாதீர்கள். வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

கே: குத்துச்சண்டைக்காரர்களுக்குத் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய், கணவரிடம் அடி வாங்கும் பெண்களுக்கும் வருமா?

ப: குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் எழுதியது 1928இல். அடி வாங்கும் மனைவிகள் பக்கம் பார்வை திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. 2003இல் ஈவ் வலேரா, பெரன்பாம் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 99 பெண்களிடம் விசாரித்ததில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் துணைவர் கையால் மூளைக்காயம். ஆனால் 2023இல் ஒரு நியூயார்க் குழு, வாழ்நாளில் துணைவரின் வன்முறைக்கு ஆளாகியிருந்த 84 பெண்களின் மூளைகளை அவர்கள் இறந்தபின் பார்த்தபோது ஒன்றில்கூட சி.டி.இ. இல்லை, ரத்தக்குழாய்ச் சிதைவும், வெண்பொருள் எனப்படும் நரம்பிழைப் பகுதியின் சிதைவும்தான் நிறைய. வீரர்களின் கதையை இவர்கள் மேல் அப்படியே ஒட்டக்கூடாது என்பது என் கட்சி.

கே: ஆய்வு மாணவி நான். கணவர் தலையில் அடித்ததைக் கேள்வித்தாளில் எப்படிக் கேட்பது?

ப: 'தலைக்காயம் உண்டா' என்றால் 'இல்லீங்க' என்றுதான் வரும், ரத்தம் வந்தால்தானே நம்மூரில் காயம்! என்னிடம் ஒரு அம்மா, "காயமெல்லாம் இல்ல, கொண்டையப் பிடிச்சு கதவு நிலையில இடிப்பாரு, அவ்வளவுதான்" என்றார். அதனால் சுவரில் இடித்தாரா, அறைந்ததில் பொறி கலங்கியதா, கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லையா என்று கேளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கழுத்தை நெரிப்பதையும் சூடு வைப்பதையும் ஒரே கேள்வியில் கட்டிவிட்டார்கள். நீங்கள் பிரியுங்கள், நெரித்தால் மூளைக்கு ரத்தம் தடைபடும், வெளியே தழும்பே இல்லாமலும் போகலாம். அப்புறம், கணவர் பக்கத்து அறையில் இருக்கும்போது பேட்டி வேண்டவே வேண்டாம்.

கே: போலீஸ் ஸ்டேஷனில் கணவர் அடித்த தேதியை மாற்றி மாற்றிச் சொன்னேன், பொய் என்றார்கள்.

ப: குழப்பமே காயத்தின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். யாரென்று தெரியாவிட்டால் மகளிர் உதவி எண் 181க்கு அழையுங்கள்.