பில்லி சைல்டிஷின் ‘மோசமான’ ஒலிப்பதிவு – கடிதம்

வணக்கம்.

நீங்கள் முன்பொருமுறை பேச்சுவாக்கில் பெயர் சொன்ன ராக் பாடகர் பில்லி சைல்டிஷைத் தேடிக் கேட்டேன். ஏழெட்டு ஆல்பம் கேட்டும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது சுவரைத் தாண்டி வருவதுபோல் இருக்கிறது. நானும் வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவன்தான், இதைவிடச் சுத்தமாக என் லேப்டாப்பிலேயே பதிந்துவிடுவேன். காசில்லாமல் பதிந்ததைத்தான் பாணி என்று கொண்டாடுகிறார்களா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுவரைத் தாண்டி வருகிறது என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன், சரியாகத்தான் சொல்கிறீர்கள். எல்லாம் ஒரே மாதிரி என்பதிலும் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. நூறு ஆல்பத்துக்கு மேல் போட்ட மனிதர், 1984இல் தி மில்க்‌ஷேக்ஸ் குழுவோடு ஒரே நாளில் நான்கு ஆல்பம் வெளியிட்டவர். அத்தனையையும் கேளுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், நானே கேட்டதில்லை.

ஆனால் காசு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. காசில்லாதது நிஜம்: இங்கிலாந்தின் சாட்டம் ஊர்க்காரர், பதினாறு வயதில் அங்கிருந்த கப்பல்தளத்தில் கல்தச்சு வேலை பழகப் போனவர், பிறகு பல வருஷம் அரசாங்கம் தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையில் காலம் தள்ளியவர். அவர் ஓவியரும்கூட. ஓவியங்கள் விலைபோய் நிலைமை மாறியபிறகும் அவர் அப்படியேதான் பதிகிறார். அவருடைய தி ஹெட்கோட்ஸ் குழு லண்டனில் லியாம் வாட்சனின் டோ ராக் ஸ்டுடியோவில் பதிந்தது, பழைய டேப் மெஷின்கள் வைத்து நடந்த இடம் அது. 2002இல் அமெரிக்க ராக் குழுவான தி ஒயிட் ஸ்டிரைப்ஸ் தங்கள் ‘எலிஃபன்ட்’ ஆல்பத்துக்காக அங்கேதான் போய் எட்டு டிராக் டேப்பில், அதாவது எட்டே ஒலித்தடங்கள் கொண்ட டேப்பில், பதிந்தார்கள். எந்த ஸ்டுடியோவுக்கும் போயிருக்கக்கூடிய நிலைமையில் இருந்தவர்கள்.

விஷயம் இதுதான். உங்கள் லேப்டாப்பில் டிரம்ஸ் தனி, கிட்டார் தனி, பாட்டு தனி. எதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சைல்டிஷைப் போன்ற கராஜ் ராக் ஆட்கள் (மெருகேற்றாத, கரடுமுரடான ராக் வாசிப்பவர்கள்) ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசிக்கும்போது டிரம்ஸ் சத்தம் பாடுகிறவரின் மைக்குக்குள் போய்விடும், கிட்டார் டிரம்ஸ் மைக்குக்குள் போய்விடும், அதனால் ஒருவர் தப்பு செய்தால் அதை மட்டும் பிய்த்தெடுத்துச் சரிசெய்ய வழியே இல்லை. ஒன்று, எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும், இல்லை, அந்தத் தப்போடு வாழ வேண்டும். ஆகவே ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) எங்கே நிற்கணும், டிரம்ஸ் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கணும், பழைய கண்ணாடிக்குழாய் வைத்த வால்வ் ஆம்பை எவ்வளவு முடுக்கினால் கிட்டார் கரகரக்கும் என்பதையெல்லாம் பதிவு தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். டேப்பும் தன் பங்குக்கு வேலை செய்யும். அளவுக்கு மீறிச் சத்தம் ஏற்றினால் டிஜிட்டலில் படாரென்று உடைவதுபோல் உடையாது, உச்சம் மழுங்கி ஒலி தடிக்கும். நீங்கள் அழுக்கு என்று கேட்பதில் பாதி அந்தத் தடிப்புதான். (சுத்தமாகப் பதிந்துவிட்டு மேலே அழுக்கைத் தூவ இப்போது மென்பொருள் விற்கிறார்கள். கேட்டிருக்கிறேன், சகிக்கவில்லை.)

சைல்டிஷுக்கு முன்னோடிகள் உண்டு. 1963இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தி கிங்ஸ்மென் குழு ‘லூயி லூயி’ பாட்டைப் பதிந்தபோது மைக் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, பாடிய ஜாக் ஈலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது. கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் அவர் அவசரப்பட்டுச் சீக்கிரமே பாட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திவிடுவார், டிரம்ஸ்காரர் ஓர் உருட்டு உருட்டிச் சமாளிப்பார். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வரிகள் அத்தனை கலங்கலாக இருந்ததால் ஆபாசமாகப் பாடுகிறாரோ என்று எஃப்.பி.ஐ. விசாரித்து, கடைசியில் ஒன்றும் புரியவில்லை என்று கைவிட்டது! நான் அந்தப் பாட்டைக் கேட்பதே அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான்.

சைல்டிஷ் நூறு ஆல்பம் போட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அப்புறம் திருத்தும் வேலையே இல்லாதவர் மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் உட்கார வேண்டியதில்லை, பதிந்தார், வெளியிட்டார், அடுத்ததற்குப் போனார். சுமாரானவையும் அதே வேகத்தில் வந்தன. மறுபடி கேட்பதானால் ஹெட்கோட்ஸ் காலத்திலிருந்து, அதாவது 1989க்குப் பிறகு வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

அப்புறம், ஒரே ஒரு மைக்கை அறை நடுவில் வைத்து உங்கள் நண்பர்களோடு ஒரு பாட்டு பதிந்து பாருங்கள். பாட்டு கேட்கவில்லை என்றால் மைக்கைத் தொடாதீர்கள், டிரம்ஸ்காரரைக் கதவுப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். எத்தனையாவது டேக்கில் சரியாக வந்தது என்று எழுதுங்கள்.