பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைமையாசிரியர்தான் தலைவரா?

இல்லை. அரசுப் பள்ளியில் தலைவர் பதவி பெற்றோருக்குத்தான். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டிப் பதிவேட்டைப் பராமரிப்பவர்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் விகிதப்படி இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன, அதில் 15 பேர் பெற்றோர். மீதி இடங்கள் தலைமையாசிரியர், ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர் போன்றோருக்கு. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

பலர் இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, இது சட்டப்படி அமைந்தது, பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதே இதன் முக்கிய வேலை.

சரி, நடைமுறையில்? கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத பேச்சு காற்றோடு போய்விடும். அப்புறம், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டுவிட்டு, பேசாத தீர்மானத்துக்கும் சாட்சியானேன்.